மணலுக்குள் போன வடம்

உச்சி வெயில். கடலுக்கு முதுகைக் காட்டி, ஈர மணலில் மண்டியிட்டு, என் அண்ணன் மனைவி, எங்கள் மதினி, அந்தக் கறுத்த பலகையில் காதை வைத்திருந்தாள். சுற்றி நின்ற இருபது பேரும் வாயைத் திறக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அலை வந்து பலகைக்கு அடியில் புகும். உள்ளே எங்கேயோ தட்டுகிற சத்தம் வரும். டொக், டொக், டொக். அலை திரும்பிப் போய்விடும். கொஞ்சம் தாமதித்து, இன்னொரு டொக்.

முதல் மூன்றுக்கும் அலையைக் காரணம் சொல்லிவிடலாம். கடைசியில் தனியாக வந்த அந்த ஒன்றுக்குத்தான் எனக்கு இன்றுவரை காரணம் கிடைக்கவில்லை.

"என்ன தாயி கேக்குது?" என்றார் சின்னய்யா.

மதினி எழுந்தாள். கன்னத்தில் அப்பிய மணலைக்கூடத் துடைக்கவில்லை. "ஒண்ணும் கேக்கல" என்றாள்.

தள்ளி நின்ற எங்களுக்கெல்லாம் கேட்டது. காதை வைத்தவளுக்குக் கேட்கவில்லையாம்.

எங்களுக்கும் கடலுக்கும்

போன வாரம் கிணறு வெட்டிய கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "கடலே பார்க்காத ஊரா உங்கள் ஊர்?" என்று கேட்டு எழுதியிருந்தார். பார்த்திருக்கிறோம் அம்மணி. நாகலாபுரத்துக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் ஊரிலிருந்து வேம்பார் கரைக்கு வேனில் ஒரு மணி நேரம்தான். ஆனாலும் என் இருபத்து நான்கு வயதுக்குள் நான் கடலைப் பார்த்தது நான்கே முறை. நான்கும் ஆடி அமாவாசை. செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கத்தான் கரிசல்காரன் கடலுக்குப் போவான். காற்று வாங்கப் போகிற பழக்கமெல்லாம் எங்களுக்குக் கிடையாது. ஊரிலேயே வேண்டிய மட்டும் காற்று அடிக்கும், புழுதியோடு.

எங்கள் சின்னய்யா, அதாவது அப்பாவின் தம்பி, அலை வந்து வேட்டியை நனைத்தால் உழவு மாட்டை அதட்டுகிற மாதிரி "ஹோ... ஹோவ்" என்று அதட்டுவார். அலை பின்னால் போகும். தன் பேச்சைக் கேட்டுத்தான் போனது என்று அவருக்கு ஒரு திருப்தி.

அந்த ஆடி அமாவாசைக்கும் அப்படித்தான் போனோம். தொண்ணூறுகளின் பின்பாதி. என் அப்பா இறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. நானும் தங்கச்சியும் பெண்பிள்ளைகள்; மகன் நின்று செய்ய வேண்டியதை அப்பாவின் தம்பி நின்று செய்துகொண்டிருந்தார். ஏனென்றால் மகனைக் காணவில்லை.

அண்ணன்

சுப்பையா அண்ணன் இடதுகைக்காரன். சோறு அள்ளுவது தவிர, மண்வெட்டி பிடிப்பது, மாடு பிடிப்பது எல்லாம் இடது கைதான். அம்மா சின்ன வயதில் அந்தக் கையைத் துணியால் கட்டிக்கூடப் பார்த்தாளாம். பல்லால் கடித்து அவிழ்த்துவிட்டான்.

அவன் கட்டுகிற முடிச்சு இருக்கிறதே, அது ஒரு தொந்தரவு. நாம் எந்தப் பக்கம் இழுத்தால் முடிச்சு அவிழுமோ, அந்தப் பக்கம் இழுத்தால் அவன் முடிச்சு இறுகும். பருத்தித் தாட்டாக இருக்கட்டும், மிளகாய் மூட்டையாக இருக்கட்டும், அவன் கட்டியதை வீட்டில் யாராலும் அவிழ்க்க முடியாது. அம்மா அரிவாள்மணையைத்தான் தேடுவாள். "கயத்தக் கட்டச் சொன்னா பூட்டுப் போட்டு வச்சிருக்கான்" என்று வைவாள்.

மதினி கல்யாணமாகி வந்த ஒரு மாதத்தில் அதைக் கற்றுக்கொண்டாள். கண்ணால் பார்க்கக்கூட மாட்டாள். இரண்டு விரலை விட்டு ஒரு சுண்டு சுண்டுவாள், முடிச்சு விழுந்துவிடும். அண்ணனுக்கு அதில் பெருமை தாங்காது. வேலம்மா, வேலம்மா என்று அவள் பின்னாலேயே சுற்றுவான். எனக்கு அப்போது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும். இப்போது சொல்ல வெட்கம் இல்லை.

அடுத்தடுத்து இரண்டு வருடம் மழை ஏமாற்றியது. மிளகாய்ச் செடி நின்ற நிலையில் கருகியது. அண்ணன் தூத்துக்குடிக்குப் போய், கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணி ஒன்றில் சமையல் வேலைக்குச் சேர்ந்தான். குளத்தில்கூட நீச்சல் தெரியாதவன். கிளம்பும்போது எங்கள் காட்டு மிளகாயை அம்மா ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்தாள். அவனே அதன் வாயைக் கட்டினான். "வேற எவனும் எடுத்துர முடியாதுல்லா" என்று சிரித்தான்.

இரண்டு நடை போய் வந்தான். மூன்றாவது நடையில் தோணி கொழும்பு போய்ச் சேரவில்லை. திரும்பியும் வரவில்லை.

பொட்டு

தோணியில் போன மற்றவர்கள் வீட்டில் ஒரு வருடம் பார்த்துவிட்டுக் காரியம் செய்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் செய்யவில்லை. ஆறு வருடமாக மதினி நெற்றி நிறையப் பொட்டும் தலையில் பூவுமாக, விடிகாலையில் வருகிற கம்பெனி வேனில் ஏறிக் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போய் வந்தாள். ஆபீஸ் என்றதும் மேஜை நாற்காலியை நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி செய்கிற கொட்டகைக்குத்தான் அந்தப் பெயர்.

வேனில் அவள் பக்கத்தில் உட்கார ஒரு சிலர் தயங்குவார்கள். புருசன் இருக்கிறவளா, இல்லாதவளா என்று தெரியாத பெண்ணை எந்தப் பக்கம் சேர்ப்பது? நல்ல காரியத்துக்கு அவளைக் கூப்பிடவும் மாட்டார்கள். கூப்பிடாமல் விட்டதைச் சொல்லவும் மாட்டார்கள்.

அப்புறம் மறுபடியும் மழை தப்பியது. ஊரில் புதுப் பேச்சு ஒன்று கிளம்பியது. செத்தவனுக்கு எள்ளுத் தண்ணீர் விடாமல் பூவும் பொட்டுமாக ஒருத்தி திரிகிறாள், அதனால்தான் வானம் மறுக்கிறது என்று. பேசினவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எங்கள் வீட்டுக் கஷ்டத்துக்கு முதலில் ஓடி வந்தவர்கள்தான். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

சின்னய்யாவால் அந்தப் பேச்சைத் தாங்க முடியவில்லை. கரையில் ஐயர் அப்பா பேரைச் சொல்லி எள் இறைத்து முடித்து, "வேற பேரு உண்டா?" என்று கேட்டார். சின்னய்யா மதினியைப் பார்த்தார். அம்மா கடலைப் பார்த்தாள்.

"இல்ல சாமி" என்றாள் மதினி.

அந்த நேரத்தில்தான் தெற்கே கூட்டம் கூடியது.

ஆளுக்கு ஒன்று

ஆடிக் காற்று முந்தின வாரம் முழுக்க மணலைச் சீவித் தள்ளியதில், அது வெளியே வந்திருந்தது. முழங்கால் உயரம் தெரிந்தது. மாட்டு வண்டியின் நீளம் இருக்கும். கறுப்பாக, வளைந்து, மேலெல்லாம் சிப்பி ஒட்டி, ஒரு ஓரத்தில் துருப்பிடித்த இரும்பு வளையத்தோடு கிடந்தது.

எள் இறைக்க வந்த ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எட்டயபுரத்திலிருந்து வந்த ஒருவர், இது கடல் கொண்டுபோன கோயிலின் தேர்ச் சட்டம் என்றார். எங்கள் வேன் டிரைவர், வெடிமருந்து அடைத்த பீப்பாயாக இருக்கும் என்று பீடியை அணைக்கச் சொன்னார். தீப்பெட்டி ஆபீஸ் ஊர்க்காரர் இல்லையா, எதைக் கண்டாலும் முதலில் நெருப்பைத்தான் நினைப்பார். அம்மா, "குலுக்க மாதிரில்லா இருக்கு" என்றாள். தானியம் கொட்டிவைக்கிற குலுக்கை கடலுக்குள் எதற்கு வருகிறது என்று யாரும் கேட்கவில்லை.

இத்தனை கூட்டத்திலும் ஒன்றை நான் கவனித்தேன். கரையெல்லாம் பிண்டச் சோற்றுக்குக் காக்காய்கள் அடித்துக்கொண்டிருந்தன. அந்தப் பலகை மேல் ஒன்றுகூட உட்காரவில்லை.

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த சவரிமுத்து என்ற மீனவர் வந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார். "தோணிப் பலக மாதிரித்தான் தெரியுது. எந்தக் காலத்துத் தோணியோ" என்றார்.

தோணி என்ற சொல்லைக் கேட்டதும்தான் மதினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் காதை வைத்தாள்.

"எந்தத் தோணின்னு கண்டுபிடிக்க ஏலுமா?" என்று சின்னய்யா கேட்டார்.

"முகப்புல பேரு செதுக்கியிருக்கும் அண்ணாச்சி. இப்பம் மொகம் அடியில கெடக்கு. பெரட்டுனா தெரிஞ்சிரும்."

சின்னய்யா வேட்டியை மடித்துக் கட்டினார். "அப்பம் பெரட்டிருவோம். நம்ம புள்ள போன தோணின்னு தெரிஞ்சா, இங்கன வச்சே எல்லாத்தையும் முடிச்சிருவோம்."

எல்லாத்தையும் என்றால் என்னென்ன என்று அவர் சொல்லவில்லை. மதினியின் கை தன்னாலே தாலிக்குப் போனது.

கரிசல்காரன் புத்தி

இங்கே கரிசல் மண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் மண் கோடையில் வாய் பிளக்கும். வெடிப்புக்குள் விழுந்தது உள்ளே போய்விடும். மழை பெய்தால் மண் ஊதி மூடிக்கொள்ளும். பிறகு ஏதோ ஒரு வருடம், போனது தானாக மேலே வரும். கல்லும் அப்படித்தான். போன வருடம் இல்லாத இடத்தில் இந்த வருடம் கலப்பைக் கொழு முட்டும். கல் முளைத்திருக்கிறது என்போம். என் தங்கச்சியின் கொலுசு ஒன்று வெடிப்புக்குள் விழுந்து, ஏழெட்டு வருடம் கழித்து அதே காட்டில் உழவுசாலில் வந்தது. அப்போது அவளுக்கு அதைப் போட வயதும் இல்லை, அளவும் இல்லை.

அதனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. ஒன்று மேலே வருகிறது என்றால் அது வர விரும்பித்தான் வருகிறது. அவசரப்பட்டுப் பிடுங்கக் கூடாது. சுற்றிலும் தோண்டி, ஒரு நாள் காயப் போட்டால் மண் தானே சுருங்கி விட்டுக்கொடுக்கும். மறுநாள் சுலபமாகப் புரட்டிவிடலாம்.

இந்தப் புத்தியைச் சின்னய்யா கடற்கரையில் காட்டினார். எங்கள் ஆட்கள் ஆறு பேர் இடுப்பளவு தோண்டினார்கள். ஆழம் போகப் போக ஒரு நெடி வந்தது. எனக்குத் தும்மல். அம்மாவுக்குத் தும்மல். கண்ணில் நீர் வந்தது.

"மிளகா நெடில்லா அடிக்கி" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுத் தானே வாயைப் பொத்திக்கொண்டாள்.

சவரிமுத்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலியே ஆத்தா. உப்பு வாடைதான்" என்றார்.

பொழுது சாய்கிற நேரம் ஆயிற்று. சின்னய்யா தோண்டுவதை நிறுத்தச் சொன்னார். "காயட்டும். விடியக்காலம் ஆளும் சங்கிலியும் கொண்டாந்து பெரட்டுவோம்."

சவரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணாச்சி, இது மண்ணு இல்ல, மணலு. நாளைக்கு வந்தா குழியே இருக்காது."

"எங்கன போயிரும்? கட்டிப் போட்டுட்டுத்தான் போவேன்" என்றார் சின்னய்யா. படகு கட்டுகிற வடம் ஒன்றைச் சவரிமுத்துவிடமே வாங்கி, ஒரு நுனியை அந்த இரும்பு வளையத்தில் மாட்டுத் தும்பு முடிச்சாகப் போட்டார். மறு நுனியை மேட்டிலிருந்த பனையில் கட்டினார். காளையைக் கட்டிவிட்டு வருகிறவர் மாதிரி கையைத் தட்டிக்கொண்டு வந்தார். எத்தனையோ வருடத்துக் கரிசல் அனுபவம் இல்லையா. கடலும் கேட்கும் என்று நினைத்துவிட்டார்.

வேனில் ஏறியபின் மதினி, "செருப்ப விட்டுட்டேன்" என்று இறங்கிப் போனாள். திரும்பி வரக் கால் மணி நேரம் ஆயிற்று. சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அவள் உள்ளங்கை இரண்டும் சிவந்து, கோடு கோடாகத் தோல் உரிந்திருந்தது. நான் பார்த்ததைப் பார்த்தாள். கையை மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள்

சவரிமுத்து சொன்னது சொன்னபடி. குழி இல்லை, பலகை இல்லை. வாரியலால் பெருக்கி வைத்த முற்றம் போல மணல் சமமாகக் கிடந்தது. முந்தின நாள் இருபது பேர் மிதித்த இடத்தில் ஒரு காலடி இல்லை.

வடம் மட்டும் இருந்தது. பனையிலிருந்து விறைப்பாக இறங்கி, மணலுக்குள் போயிருந்தது.

விறைப்பு என்றால், மறுமுனையில் யாரோ பிடித்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. சின்னய்யா தொட்டுவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். அவர் எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை.

"இழுங்கலே" என்றார். நாலு பேர் பிடித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஒரு முழம் வரும், நிற்கும். அடுத்த முழம் வரும், நிற்கும். மதினி பக்கத்தில் நின்றாள். அம்மா என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். பிறகு திடீரென்று தளர்ந்து, நாலு பேரும் மல்லாக்க விழுந்தார்கள். நுனி வெளியே வந்துவிட்டது.

நுனியில் ஒரு கண்ணி. கண்ணிக்குள் ஒன்றும் இல்லை. முடிச்சு அப்படியே இருந்தது.

சின்னய்யா அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "வளையத்துல போட்ட முடிச்சு, அவுராம எப்படிலே வந்துச்சு?" என்றார். அவிழ்க்கப் பார்த்தார். எப்போதும் இழுக்கிற பக்கம் இழுத்தார். முடிச்சு இறுகியது. இன்னும் பலமாக இழுத்தார். இன்னும் இறுகியது.

அப்போதுதான் அவர் முகம் மாறியது. இழுப்பதை நிறுத்தினார். அம்மா அந்த முடிச்சைப் பார்த்துவிட்டு, சத்தமே வராமல் மணலில் உட்கார்ந்தாள்.

மதினி போய் வடத்தை அவர் கையிலிருந்து வாங்கினாள். குனிந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு விரலை விட்டு ஒரு சுண்டு சுண்டினாள். முடிச்சு விழுந்தது.

மூன்று இடத்தில் தோண்டிப் பார்த்தார்கள், மணலும் தண்ணீரும் தவிர ஒன்றும் வரவில்லை. சவரிமுத்து வடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். வேனில் போகும்போது சின்னய்யா ஒரே ஒரு தடவை பேசினார். "வேலம்மா, இனி உன்னிய நான் ஒண்ணும் கேக்க மாட்டேன் தாயி."

கடைசிவரை கேட்கவில்லை. ஊர்க்காரர்களையும் கேட்க விடவில்லை. அந்த வருடம் மழை பெய்ததா என்றால், பெய்தது. வழக்கம்போலக் காலம் தப்பி, பருத்தி வெடிக்கிற நேரத்தில்.

ஒரு மத்தியானம்

இரண்டாயிரம் பிறந்து சில வருடம் ஆன பிறகு, கோவில்பட்டியில் மதினி வீட்டுக்குப் போயிருந்தேன். தீப்பெட்டி ஆபீஸுக்குப் பக்கத்திலேயே ஒற்றை அறை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தாள். அம்மா, சின்னய்யா இரண்டு பேரும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மின்சாரம் இல்லாத உச்சிப்பொழுது. வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். மதினி அகப்பைக் காம்பு உடைந்ததற்குச் சணல் சுற்றிக்கொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டு அதே அளவு.

மனதில் கிடந்து அரித்ததைக் கேட்டுவிட்டேன். "மதினி, அன்னைக்குச் செருப்பு எடுக்கப் போனீங்களே..."

சிரித்துவிட்டாள். "ஏட்டி காந்தி, இத்தன வருசமா கேக்காம வச்சிருந்தியாக்கும்."

"நீங்கதான் அவுத்தீங்களா?"

"நான்தான். வேற யாரு?" சணலை இழுத்து இறுக்கினாள். "அதப் பெரட்டி, பேர வாசிச்சுட்டாவன்னு வையி, அதுக்கப்புறம் நான் யாருட்டி? வாசிக்க விடக்கூடாதுன்னு தோணிச்சு. குழிக்குள்ள எறங்கி, ஒங்க சின்னய்யா போட்ட தும்பு முடிச்ச அவுக்க முன்ன கை ரெண்டும் பிஞ்சு போச்சு. வளையத்துலேருந்து வடத்த உருவி, நுனிய அப்படியே தண்ணிக்குள்ள போட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. எத்தனை வருடமாக அந்தக் கண்ணி என் கனவில் வந்திருக்கிறது. நானும் சிரித்தேன். "நல்ல ஆளு மதினி நீங்க. அப்பம் அந்த முடிச்சும் நீங்க போட்டதுதான். அண்ணன் முடிச்சையே போட்டு வச்சு எங்க எல்லாரையும் பயங்காட்டிட்டீங்களே."

சணல் சுற்றுகிற கை நின்றது. மதினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நான் முடிச்சு எதுவும் போடலட்டி" என்றாள். "அவிய முடிச்ச எனக்கு அவுக்கத்தான் தெரியும். போடத் தெரியாது."